சீமேக்: பில்ட் ஃபோல்டரை அழிப்பதற்கு முன்

சீமேக் (நிரலைக் கட்டும் வேலைக்குத் திட்டம் தயாரிக்கும் கருவி), கம்பைலர், நிஞ்சா (அந்தத் திட்டப்படி கம்பைலரை ஓட்டும் கருவி) மூன்றும் லெப்டொப்பில் இருந்தால் போதும், தொடங்கலாம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒற்றைக் கோட்டோடு வரும் எஸ், பி, ஜி, டி, யு, எல், என் எல்லாம் பெரிய எழுத்து. ஜே மட்டும் சிறிய எழுத்து.

உதாரணத்துக்கு ஒரு சின்னச் செக்ரோல் (தேயிலைத் தோட்ட வேலைப் பதிவேடு) நிரல்: பறித்த கொழுந்தின் நிறையைக் கொடுத்தால் முழுப் பேரா (முழுநாள் சம்பளக் கணக்கு), அரைப் பேரா என்று சொல்லும். அதற்கான கிலோ எல்லை 'நோர்ம்' என்ற கேஷ் மாறியில் (சீமேக் நினைவில் வைத்துக்கொள்ளும் மதிப்பு) இருக்கிறது.

முதல் படி:

சீமேக் -எஸ் . -பி பில்ட் -ஜி நிஞ்சா -டி சீமேக்_பில்ட்_டைப்=ரிலீஸ்

-எஸ் மூலக்கோப்புகள் இருக்கும் இடம், -பி விளைவு போய்ச் சேரும் இடம். -ஜி எந்தக் கருவிக்குத் திட்டம் தயாரிப்பது என்பது, -டி ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுப்பது. -எஸ், -பி இரண்டும் சீமேக் 3.13இல் வந்தவை. உபுண்டு 18.04இல் இருப்பது 3.10, அதில் பில்ட் ஃபோல்டருக்குள் போய் 'சீமேக் ..' என்று தட்டுவதுதான் வழி.

இரண்டாம் படி:

சீமேக் --பில்ட் பில்ட் -ஜே 2

-ஜே என்பது ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பது. ஜேக்குப் பின்னால் எண்ணைக் கொடுக்காமல் விடாதீர்கள். நிஞ்சாவுக்குப் பதிலாகப் பலர் பயன்படுத்தும் மேக் கருவி எண் இல்லாத -ஜேயை 'எல்லை இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி ராம் உள்ள லெப்டொப்பில் பெரிய புரொஜெக்ட் என்றால் திரை உறையும், கடைசியில் 'கில்ட்' என்று ஒரு வரி வந்து கம்பைலர் சாகும். அது கோடில் உள்ள பிழை இல்லை, நினைவகம் தீர்ந்ததுதான். நிஞ்சா கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் தானே அளவு வைத்துக்கொள்ளும். புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடம். சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் நோர்மை 16இலிருந்து 18ஆக மாற்றிச் சேமித்து, மறுபடி பில்ட் செய்கிறீர்கள். நிரல் 17 கிலோவுக்கு இன்னமும் முழுப் பேர் போடுகிறது. காரணம், முதல் ஓட்டத்திலேயே 16 என்பது பில்ட் ஃபோல்டரில் உள்ள சீமேக்கேஷ் கோப்பில் பதிந்துவிட்டது. கேஷில் மதிப்பு இருக்கும்வரை கோப்பில் எழுதிய இயல்பு மதிப்பை சீமேக் திரும்பியும் பார்க்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்:

சீமேக் -எல் -என் பில்ட்

-என் இருப்பதால் எதையும் மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டும். பிறகு அந்த ஒரு பதிவை மட்டும் நீக்குங்கள்:

சீமேக் -யு நோர்ம் பில்ட்

அதே ஓட்டத்தில் 18 ஏறிவிடும். '-டி நோர்ம்=18' என்று நேரடியாகவும் கொடுக்கலாம்; ஆனால் அதுவும் கேஷில் தங்கும், அடுத்த முறை கோப்பை மாற்றும்போது இதே சிக்கல்.

பலர் செய்வது பில்ட் ஃபோல்டரையே அழிப்பது. ஃபெட்ச்கன்டென்ட் (தேவையான நூலகங்களை நெட்டிலிருந்து இறக்கும் சீமேக் வசதி) பயன்படுத்தும் புரொஜெக்டில், இறக்கிய நூலகங்கள் எல்லாம் அதற்குள் '_டெப்ஸ்' ஃபோல்டரில்தான் இருக்கும். அழித்தால் அத்தனையும் மறுபடி இறங்கும். மழை நாளில் தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் போன் டேட்டாவை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு அது அரைநாள் வேலை. சீமேக் 3.24 முதல் இதற்கு நல்ல வழி உண்டு:

சீமேக் --ஃபிரெஷ் -எஸ் . -பி பில்ட் -ஜி நிஞ்சா

கேஷ் கோப்பும் சீமேக்ஃபைல்ஸ் ஃபோல்டரும் மட்டும் போகும், _டெப்ஸ் தப்பும். முன்பு கொடுத்த -டி மதிப்புகளும் போய்விடும், ஆகவே ரிலீஸை மறக்காமல் திரும்பக் கொடுங்கள். எல்லாம் ஒருமுறை இறங்கிய பின் '-டி ஃபெட்ச்கன்டென்ட்_ஃபுல்லி_டிஸ்கனெக்டட்=ஆன்' சேர்த்தால் சீமேக் நெட் பக்கமே போகாது. முதல் இறக்கத்துக்கு முன் போட்டால் பிழைதான் வரும். புதிய நூலகம் சேர்க்கும் நாளில் 'ஆஃப்' ஆக்குங்கள்.

பிற்சேர்க்கை: விண்டோஸில் நிஞ்சாவுக்குப் பதிலாக விஷுவல் ஸ்டுடியோ ஜெனரேட்டருடன் (-ஜியில் கொடுக்கும் தெரிவு) செய்தவர்களுக்கு ரிலீஸ் (பயனர்களுக்கான வேகமான வடிவம்) கேட்டும் டீபக் (பிழை தேடும் வடிவம்) தான் கிடைத்தது. அந்த ஜெனரேட்டர் பில்ட்_டைப்பைக் கணக்கில் எடுக்காது. இரண்டாம் படியில் '--கொன்ஃபிக் ரிலீஸ்' என்று சேர்க்க வேண்டும். -டி பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சீமேக் நிற்காது, கையால் கொடுத்த மாறி பயன்படவில்லை என்று கடைசியில் ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.