முதல் கேள்வியைப் போடும் முன்

பைத்தான் என்ற நிரல்மொழியில் 'நிலா' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 4 என்று வரும். எழுத்து இரண்டுதானே? இந்தச் சந்தேகத்தை இணையத்தில் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

போகும் இடத்தில் பதில்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று முதலில் பாருங்கள். நேர வரிசையா, வாக்கு வரிசையா, கிளை கிளையாகவா? அங்கே எது மரியாதை, எது தொல்லை என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

2008-இல் தொடங்கிய, நிரல் எழுதுவோரின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மேலே ஒரு கேள்வி, கீழே வாக்கு வாங்கிய பதில்கள். 'நண்பர்களே வணக்கம்', 'முன்கூட்டியே நன்றி' என்றெல்லாம் எழுதினால் யாராவது வந்து வெட்டிவிடுவார்கள். கோபப்படாதீர்கள். பத்து வருடம் கழித்துத் தேடி வருகிறவருக்கு உங்கள் வணக்கம் எதற்கு? ஓட்டிப் பார்க்கக்கூடிய சின்ன நிரல்துண்டு, எதிர்பார்த்தது 2, வந்தது 4. இவ்வளவு போதும். ஏற்கெனவே யாராவது கேட்டிருந்தால் பழையதைக் காட்டி மூடிவிடுவார்கள். அதனால் தேடிவிட்டுக் கேளுங்கள். பிறர் பதிவின் கீழ் கருத்து எழுத, நம் பதிவுகளுக்கு விழும் வாக்குகளால் சேரும் 50 புள்ளி வேண்டும். புள்ளி இல்லையே என்று பதில் பெட்டியில் சந்தேகம் கேட்டால் அழித்துவிடுவார்கள்.

ரெட்டிட் என்ற விவாதத் தளத்தில் ஒவ்வொரு சப்ரெட்டிட்டும் (ஒரு பொருளுக்கான தனிக் குழு) தனி ஊர். ஓரத்தில் இருக்கும் விதிகளைப் படியுங்கள். யாருக்குச் சொல்கிறீர்களோ அவருடைய கிளையிலேயே சொல்லுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் தாராளமாக வணக்கம் சொல்லலாம். (பெயரே அப்படி!) ஆனால் அது எல்லோரும் தொகுக்கும் சாதாரண விக்கிப் பக்கம். நேரடியாகத் தொகுக்கும்போது கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமிடாவிட்டால், சொன்னது யார் என்று பக்கத்தில் தெரியாது.

அப்புறம், நேர வரிசையில் ஓடும் பழைய பாணி விவாதத் தளங்கள். அங்கே யார் பதில் போட்டாலும் அந்த இழை (ஒரு கேள்வியும் அதன் பதில்களும்) முதல் பக்கத்துக்கு ஏறிவிடும். அது தெரியாமல், ஆறு வருடம் தூங்கிய ஓர் இழையில் 'எனக்கும் இதே பிரச்சினை' என்று எழுதி, ஊரையே எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதிய இழை தொடங்கி, பழையதற்கு இணைப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

விடை கிடைத்ததும் எப்படித் தீர்ந்தது என்று அதே இழையில் எழுதுங்கள். 'சரியாகிவிட்டது, நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போனவர்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.