பாவனை விளையாட்டுச் செயலிகள்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்னக் குழந்தைகளுக்கான பாவனை விளையாட்டுச் செயலிகளை, அதாவது சமைப்பது, வைத்தியம் பார்ப்பது என்று நிஜம் போலப் பாவித்து விளையாடும் செயலிகளை உருவாக்க இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சமையலறை, ஆஸ்பத்திரி, மளிகைக்கடை என்று அவர்கள் செய்துவரும் மாதிரிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. படங்கள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. பட்டன் சின்னது, நிறம் கண்ணைக் குத்துகிறது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு நாளில் திருத்திவிடலாம்.

எழுத்தில் கட்டளை

மூன்று வயதுக் குழந்தைக்கு வாசிக்கத் தெரியாது. எடுத்துவிடுங்கள்.

விளையாட்டைப் பரீட்சை ஆக்குவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நிறுவனத்தின் ஆஸ்பத்திரிச் செயலியை நான்கு வயதுச் சிறுமியிடம் கொடுத்திருந்தோம். கரடிக்குக் காய்ச்சல். அவள் கரடியைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். "உடம்பு சுடுதுல்ல, அதான்" என்றாள். உடனே ஒரு கரகரச் சத்தம், சிவப்புக் குறி, "மீண்டும் முயற்சி செய்!" என்ற குரல். கரடி தானாகக் கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் எதைத் தொடும் முன்னும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

சொப்பு வைத்து விளையாடும் பிள்ளை மண்ணைச் சோறு என்று நீட்டினால், "இது மண்" என்று யாராவது தட்டிவிடுவார்களா? குச்சியைக் குதிரையாக்கிக்கொள்வதில்தான் குழந்தை பொருளையும் அர்த்தத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933-லேயே விளக்கியிருக்கிறார். அந்த இடத்தில் போய் மதிப்பெண்ணையும் நட்சத்திரத்தையும் வைத்தால் மிஞ்சுவது வினாடி வினாதான். ஸ்வீடனின் டோக்கா போக்கா நிறுவனம் 2011-லேயே தேநீர் விருந்துச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தது. டேப்லெட்டைக் கீழே படுக்கவைத்து, பொம்மைகளைச் சுற்றி உட்காரவைத்து விளையாடலாம். அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஜூஸ் கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம்.

பணமும் இதில்தான் போகிறது. "முதலில் தெர்மாமீட்டர், பிறகு மருந்து, பிறகு தூக்கம்" என்று வரிசையாக நிரல் எழுதிவிட்டால் பின்னால் அதைத் திறந்த விளையாட்டாக மாற்ற முடியாது. அந்த ஆஸ்பத்திரியையும் அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதாயிற்று. கதைக்கு நிரல் எழுதாமல் பொருளுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு பொருளும் தன் நிலையைத் தானே வைத்திருக்கட்டும்: சூடா குளிரா, ஈரமா உலர்ந்ததா, திறந்ததா மூடியதா. 30 பொருள் இருந்தால் 435 ஜோடி வரும். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைய வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் போனது எதுவானாலும் குளிரட்டும், தண்ணீரில் விழுந்தது எதுவானாலும் நனையட்டும். கரடி ஒரு முறை நடுங்கினால் போதும், அந்தச் சிறுமி போர்வை தேடியிருப்பாள். அப்புறம், எந்த விதியும் பொருந்தாத பொருள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். பழைய இடத்துக்கு ஓடிப்போனால் அதுவும் "தப்பு" என்று சொல்வதுதான்.

ஒரு விரல்தான் தொடும் என்று நினைப்பது

குழந்தை டேப்லெட்டைப் பிடிக்கும்போது உள்ளங்கை திரையின் ஓரத்தில் பதிந்திருக்கும். வெளியேறும் பட்டன் அங்கே இருந்தால் விளையாட்டு நடுவில் அறுந்துபோகும். பக்கத்தில் தம்பியோ தங்கையோ உட்கார்ந்து இன்னொரு பொருளை இழுப்பதும் சகஜம். இருவர் கைகளுக்கும் ஒரே நேரத்தில் செயலி வேலை செய்ய வேண்டும்.

ஓயாத பின்னணி இசை

வேண்டாம். பொம்மைக்குப் பதிலாகக் குழந்தை பேசுவது கேட்க வேண்டும்.

குழந்தையின் கைக்கெட்டும் கடை

பெற்றோர் ஒரு முறை கடவுச்சொல் போட்டால் அடுத்த 15 நிமிடம் குழந்தை கேட்பாரின்றி வாங்கலாம் என்ற நிலை ஆப்பிளில் இருந்தது. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டதில் 2014-ல் அந்த நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. விற்பனையைப் பெற்றோர் மட்டும் திறக்கும் பகுதியில் வையுங்கள்.

தினமும் வந்தால் பரிசு

கூடவே கூடாது. 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு 1 மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

சோதனையின்போது வாயைத் திறப்பது

"அதைத் தொடு கண்ணா" என்று சொன்ன நொடியில் அன்றைய சோதனை வீண். குழந்தை தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், காட்டிக்கொடுக்காதீர்கள். பெற்றோரிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் முதலில் கை நீட்டுவது அவர்கள்தான்.