ஊட்டி வீட்டுப் புகைபோக்கிக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

ஊட்டியில் எங்கள் பழைய வீட்டின் செங்கல் புகைபோக்கிக்கு, மழைக்கு நல்லது என்று ஆறு வருடத்துக்கு முன்னால் சிமெண்ட் பூசினோம். மூன்றாவது பனிக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, செங்கல்லின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு. மிச்சமிருந்த கல்லை நகத்தால் சுரண்டினால் செம்மண்ணாக உதிர்ந்தது. அன்று எனக்கு வயிறு எரிந்தது. இன்னொரு வீட்டுக்கு அது நடக்கக் கூடாது.

மயிரிழை விரிசல் ஒன்று போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். சிமெண்ட் அதை ஆவியாக வெளியே விடாது. ஜனவரியில் உறைபனி விழும் இரவில் அந்தத் தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பருக்கிறது, காலை வெயிலில் உருகுகிறது, ராத்திரி மறுபடியும் உறைகிறது. செங்கல் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் உச்சியில் இருக்கும் கான்கிரீட் மூடியைப் பாருங்கள். அது வெளிப்பக்கமாகச் சரிந்து, சுவரைத் தாண்டி 2 அங்குலமாவது நீட்டியிருக்க வேண்டும். நீட்டலின் அடியில் விரல் நுழைகிற அளவு காடி (நீளப் பள்ளம்) ஒன்று ஓட வேண்டும். மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் தெரியும்: காடி இருந்தால் தண்ணீர் விளிம்பிலேயே சொட்டும்; இல்லையென்றால் அடிப்பக்கத்தை ஒட்டியே வழிந்து செங்கல்லுக்கு வந்து சேரும். புகைத் துவாரத்துக்கு, பக்கவாட்டில் வலை வைத்த எவர்சில்வர் குடை போதும்.

அடுத்தது செங்கற்களுக்கு இடையே உள்ள இணைப்புகள். பழைய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள், அதனால் பாயிண்டிங்கும், அதாவது இணைப்பில் புதுச் சாந்து நிரப்புவதும், சுண்ணாம்பிலேதான் செய்ய வேண்டும். நனைந்தாலும் இறுகுகிற வகைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. உதிர்ந்த சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்கு உளியால் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் ஓரம் போய்விடும். இணைப்பை நனைத்து, சாந்தை அழுத்தி நிரப்பி, ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். கொத்தனார் "சிமெண்ட்டே கெட்டிங்க" என்பார். கெட்டியாக இருப்பதுதான் சிக்கல். சாந்து கல்லைவிட மென்மையாக இருந்தால், உதிர்கிறபோது சாந்து உதிரும், கல் பிழைக்கும். சாந்தை மறுபடி நிரப்பலாம், அந்தக் காலத்துக் கல்லுக்கு எங்கே போவது?

இந்த வேலைக்கு மார்ச், ஏப்ரல்தான் சரி. பனி போயிருக்கும், தென்மேற்கு மழை வந்திருக்காது.

கூரையும் புகைபோக்கியும் சேருமிடத்தில் தகடு கழன்றிருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அப்புறம், எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, வேண்டுமானால் சிலேன்-சிலாக்ஸேன் வகை நீர்தடுப்பான் ஒரு கை அடிக்கலாம். அது நீராவியை வெளியே விடும். பளபளவென்று படலம் படிகிற எதையும் தொடாதீர்கள். செங்கல்லில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தேயுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.