வெற்றுத் தாளில் காதலர் தினக் கேள்வி

பிப்ரவரி 14-க்கு வாழ்த்து அட்டை வாங்காதீர்கள். ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் வெள்ளைத் தாளில் "என் வேலன்டைன் ஆவாயா?" என்று எழுதிக் காயவிடுங்கள். காய்ந்ததும் வெறும் தாள்தான். அதைக் கொடுக்கும்போது, கொஞ்சம் சானிட்டைசரில் குழைத்த மஞ்சள்தூளையும் கொடுத்து "தடவிப் பார்" என்று சொல்லுங்கள். மஞ்சள் பரப்பில் எழுத்து சிவந்து எழும்.

ஆரத்தி தட்டில் நடக்கும் அதே வேலைதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) பட்டால் சிவக்கும். அங்கே சுண்ணாம்பு, இங்கே சோடா. சானிட்டைசர் எதற்கு என்றால், குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். கூடவே ஒரு எலுமிச்சைத் துண்டும் வைத்து, "சம்மதம் இல்லையென்றால் இதைத் தேய்" என்று குறும்பு செய்யலாம். புளிப்பு பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளாகிவிடும். (தேய்த்துவிட்டால் நான் பொறுப்பில்லை.)

பேக்கிங் பவுடரில் அமிலமும் கலந்திருப்பதால் அது உதவாது. வழவழப்பான தாளும் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. வெள்ளைச் சட்டை, புதுப் புடவையோடு இதில் இறங்க வேண்டாம், கறை லேசில் போகாது. அப்புறம், இது ஏற்கெனவே காதலிப்பவர்களுக்கான விளையாட்டு. முதன்முதலாகக் காதலைச் சொல்லப் போகிறவர்கள் நேரடியாக வாயால் கேட்டுவிடுங்கள்.