கருப்புப் பிளானில் திருத்தம் மட்டும் கலரில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளான் முழுக்கக் கருப்பில் பிரிண்ட் ஆக வேண்டும், இந்த முறை மாற்றிய இடங்கள் மட்டும் சிவப்பில் தெரிய வேண்டும். கேட்கச் சின்ன வேலைதான். பிளான் வரையும் சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் இதற்குப் பல வழிகள் உண்டு, புதிதாக டிராஃப்டிங்குக்கு வருகிறவர்கள் அவற்றில் மோசமானதைத்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைப் புது ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கருப்பு வெள்ளைப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தது, பிரிவியூ பார்க்காமல் அடித்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை முதல் தாளிலேயே தெரிந்துவிடும்.

மோனோகுரோம் சிடிபியிலேயே கை வைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சிடிபி என்பது 1 முதல் 255 வரையிலான எண் நிறங்கள் ஒவ்வொன்றும் தாளில் எந்த நிறத்தில், எவ்வளவு தடிமனில் விழ வேண்டும் என்று சொல்லும் ஃபைல். ஆட்டோகேடோடு வரும் மோனோகுரோம் சிடிபியில் 255 எண்களுக்கும் பிரிண்ட் நிறம் கருப்பு. புதியவர் என்ன செய்கிறார்? பிளாட் விண்டோவில், அதாவது பிரிண்ட் கொடுக்கும் விண்டோவில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எடிட் பட்டனை அழுத்தி, 1-ம் எண்ணை, அதாவது சிவப்பை, ‘யூஸ் ஆப்ஜெக்ட் கலர்’ என்று மாற்றிச் சேவ் செய்துவிடுகிறார். திருத்தம் அழகாகச் சிவப்பில் வருகிறது, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்.

அந்த மாற்றம் அவருடைய டிராயிங்குக்குள் இல்லை. டிராயிங் தன்னிடம் வைத்திருப்பது சிடிபியின் பெயரை மட்டும்தான். பிரிண்ட் கொடுக்கும் நேரத்தில், அந்தக் கம்ப்யூட்டரின் பிளாட் ஸ்டைல் ஃபோல்டரில் அந்தப் பெயரில் என்ன கிடைக்கிறதோ அதை ஆட்டோகேட் எடுத்துக்கொள்ளும். ஆஃபீஸில் எல்லோரும் ஒரே நெட்வொர்க் ஃபோல்டரைப் பயன்படுத்தினால், அந்த நிமிடத்திலிருந்து எல்லோருடைய டிராயிங்கிலும், பழைய ப்ராஜெக்ட் உட்பட, 1-ம் எண்ணில் இருக்கும் எல்லாக் கோடும் சிவப்பாகத்தான் பிரிண்ட் ஆகும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஃபீஸில் இது அப்படியே நடந்தது. அங்கே கிரிட் லைன்கள் (தூண்களின் இடத்தைக் காட்டும் கோடுகள்) எல்லாம் 1-ம் எண்ணில் இருந்தன. வேறொரு ப்ராஜெக்டின் ஸ்ட்ரக்சுரல் தாள்கள், ஒரு திருத்தம்கூட இல்லாதவை, கிரிட் மொத்தமும் சிவப்பாக சைட்டுக்குப் போய்விட்டன. சிவப்பு என்றால் திருத்தம் என்று நாங்கள்தானே பழக்கி வைத்திருந்தோம்? கிரிட் நகர்ந்துவிட்டது என்று நினைத்து மார்க்கிங்கை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்கள், அவர்கள் செய்தது முழுக்கச் சரி. இதைவிட மோசம் இன்னொரு பக்கம் நடந்தது. திருத்தம் உண்மையிலேயே இருந்த டிராயிங், டிடபிள்யூஜி ஃபைலாக, அதாவது ஆட்டோகேட் ஃபைலாகவே, ஒப்பந்தக்காரரிடம் போயிருந்தது. அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததோ யாரும் தொடாத மோனோகுரோம் சிடிபி. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இடம் மாறிய பீம் அங்கே கருப்பிலேயே பிரிண்ட் ஆகிப் பழைய தாள் மாதிரியே கிடந்தது. சிடிபி அங்கே இல்லவே இல்லை என்றால் பிளாட் விண்டோ ‘மிஸ்ஸிங்’ என்றாவது காட்டியிருக்கும், ஆனால் தேடிய பெயர்தான் கிடைத்துவிட்டதே, எந்த எச்சரிக்கையும் வராது. டிராயிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் தப்பு கண்ணில் படாது, ஏனென்றால் தப்பு டிராயிங்கில் இல்லை.

சரியான வழிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஸ்டைல்ஸ்மேனேஜர் கட்டளை கொடுத்தால் சிடிபி ஃபோல்டர் திறக்கும். மோனோகுரோமைக் காப்பி எடுத்து, ப்ராஜெக்ட் பெயரோடு ‘ரிவிஷன்’ என்று சேர்த்துப் புதுப் பெயர் கொடுங்கள். அந்தக் காப்பியில் ஒரே ஓர் எண்ணை மட்டும் ‘யூஸ் ஆப்ஜெக்ட் கலர்’ என்று மாற்றுங்கள், அதுவும் 1 வேண்டாம், 10-ஐ எடுங்கள், திருத்தக் கோடுகளுக்கும் அந்த எண்ணையே கொடுங்கள். 10-ம் எண்ணும் அதே சிவப்புதான், திரையிலும் தாளிலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் லேயருக்கு, அதாவது கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்குக்கு, அதை வைக்கிறவர்கள் குறைவு (உங்கள் டெம்ப்ளேட்டில் யாராவது வைத்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்). அதற்கு 0.35 மில்லிமீட்டர் தடிமன் கொடுத்தால் மெல்லிய கோடுகூடத் தாளில் தெளிவாக எழும். அப்புறம், எடிட்டரின் ஜெனரல் டேபில் டிஸ்கிரிப்ஷன் என்று ஒரு பெட்டி காலியாகக் கிடக்கும், அதில் இது எதற்கான சிடிபி என்று ஒரு வரி எழுதுங்கள். டிடபிள்யூஜி அனுப்பும்போது ஈ-டிரான்ஸ்மிட் (டிராயிங்கோடு அதற்கு வேண்டிய ஃபைல்களையும் சேர்த்துக் கட்டும் கட்டளை) வழியாக அனுப்பி, பட்டியலில் அந்தச் சிடிபியும் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவே பிடிஎஃப்பும் போகட்டும், அதில் நிறம் யாருடைய கம்ப்யூட்டரிலும் மாறாது. அசல் மோனோகுரோமை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள்.

ட்ரூ கலரும் எண் நிறமும் ஒன்று என்று நினைப்பது

சிடிபி கட்டுப்படுத்துவது எண் நிறங்களை மட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளால் கொடுக்கும் நிறம்தான் ட்ரூ கலர். ஒரு கோட்டுக்கு ட்ரூ கலர் டேபில் போய் 255,0,0 என்று கொடுத்தால், மோனோகுரோம் சிடிபியிலும் அது சிவப்பாகவே பிரிண்ட் ஆகும். எந்த சிடிபியையும் தொட வேண்டாம், அவசரத்துக்கு நல்ல வழி. ஆனால் பலர் பிராப்பர்ட்டீஸில் கீழே விரியும் பட்டியலிலிருந்து ‘ரெட்’ என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், அது 1-ம் எண், தாளில் கருப்பு. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலத்தான் இருக்கும், பிராப்பர்ட்டீஸில் பெயர் தெரிகிறதா மூன்று எண்கள் தெரிகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். பத்துக் கோட்டில் ஒன்பது சிவப்பாகவும் ஒன்று கருப்பாகவும் வரும் தாள்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அந்த ஒரு கோட்டைத்தான் சைட்டில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ட்ரூ கலர் வந்ததே ஆட்டோகேட் 2004-இல்தான், அதனால் டிராயிங்கை 2000 வடிவத்தில் சேமித்துக் கொடுத்தால் நிறம் பக்கத்து எண்ணுக்குப் போய்விடும், தாளில் சிவப்பும் போய்விடும்.

இதே விஷயம் மறுபக்கமும் கடிக்கும். வெளியிலிருந்து வந்த லோகோ, ஃபர்னிச்சர் பிளாக் (ஒரே பொருளாகச் சேர்த்துப் பெயர் கொடுத்த கோடுகள்) போன்றவற்றில் ட்ரூ கலர் ஒளிந்திருக்கும், திருத்தங்களுக்கு நடுவே அவையும் கலரில் வந்து நிற்கும். உடனே எல்லாவற்றையும் செலக்ட் செய்து செட்பைலேயர் (நிறத்தை லேயரின் நிறத்துக்கே திருப்பும் கட்டளை) அடித்துவிடாதீர்கள், கோடு கோடாகக் கொடுத்த திருத்த நிறமும் அதோடு போய்விடும்.

டிராயிங் எஸ்டிபியில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்குவது

எஸ்டிபி என்பது நிற எண்ணுக்குப் பதில் பெயரிட்ட ஸ்டைல்களை வைத்து பிரிண்ட் ஆகும் முறை. கட்டளை வரியில் பிஸ்டைல்மோட் என்று அடித்துப் பாருங்கள்: 1 என்றால் சிடிபி, 0 என்றால் எஸ்டிபி. 0 வந்தால் மேலே சொன்ன எண் கணக்கு செல்லாது.

மஞ்சள்

வெள்ளைத் தாளில் தெரியாது. வேண்டாம்.

பிளாக்கின் உள்ளே போய் நிறம் மாற்றுவது

மாறியது ஒரே ஒரு கதவு. பிளாக் எடிட்டரில் திறந்து சிவப்பாக்கினால் அதே பெயரில் இருக்கும் எல்லாக் கதவும் சிவப்பாகிவிடும். சரி, வெளியே இருந்தே மாற்றலாம் என்றால், உள்ளே இருக்கும் கோடுகள் பைபிளாக்காக (பிளாக்கின் நிறத்தை எடுப்பவை) இருந்தால்தான் கதவுக்குக் கொடுக்கும் நிறம் எடுபடும், 0 லேயரில் பைலேயராக (லேயரின் நிறத்தை எடுப்பவை) இருந்தால் கதவையே திருத்த நிறம் உள்ள லேயருக்கு மாற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஒரு கதவை மட்டும் வேறு பெயரில் பிளாக்காக்கிவிடுங்கள்.

சிவப்புக் கோட்டின் மேல் கருப்புக் கோடு

பழையதை அழிக்காமல் அதன் மேலேயே வரைந்தால் எது மேலே என்பது டிராஆர்டரை, அதாவது கோடுகள் அடுக்கப்படும் வரிசையை, பொறுத்தது. பழையதை நீக்குங்கள்.

கலரை மட்டும் நம்புவது

நீங்கள் கலரில் கொடுத்த தாளை அடுத்தவர் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுப்பார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் அதைப் படிப்பார்கள். மாறிய இடத்தைச் சுற்றி ரெவ்கிளவுட் (மேக வடிவக் கோடு) போடுங்கள், பக்கத்தில் முக்கோணத்துக்குள் திருத்த எண்ணைப் போடுங்கள், டைட்டில் பிளாக்கின் ரிவிஷன் டேபிளில் என்ன மாறியது என்று எழுதுங்கள். இவை மூன்றும் இருந்தால் கலர் இல்லாத தாளும் வேலைக்கு ஆகும்.

போன முறை சிவப்பை அப்படியே விட்டுவிடுவது

மூன்றாவது திருத்தம் போகும்போது இரண்டாவதின் சிவப்பும் தாளில் இருந்தால், எது புதிது என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி லேயர் வைத்து, நிறத்தைக் கோட்டுக்குக் கொடுக்காமல் லேயருக்குக் கொடுத்தால், அடுத்த முறை லேயர் நிறத்தை 7-க்கு மாற்றினால் போதும், எல்லாம் கருப்புக்குத் திரும்பிவிடும். ஒரே மாடலிலிருந்து ஒரு தாள் கலரிலும் இன்னொன்று முழுக் கருப்பிலும் வேண்டும் என்றால், லேயர் நிறத்தையும் தொட வேண்டாம்: லேஅவுட்டில் (பிரிண்ட் தாளின் பக்கம்) அந்த வியூபோர்ட்டுக்குள் (மாடலைக் காட்டும் சட்டம்) போய், லேயர் மேனேஜரில் வீபி கலர் என்ற பத்தியில் மாற்றுங்கள், அந்த ஒரு வியூபோர்ட்டில் மட்டும் மாறும்.