இத்தாலிய வினைகள்: தமிழர் சறுக்கும் இடங்கள்

இத்தாலிய வினைச்சொற்களின் ஒழுங்கான திரிபுகளைக் கற்பவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது பெரும் உதவி. 'பேசுகிறேன்' என்றதுமே பேசுபவர் யாரென்று விளங்குவதுபோல, 'பார்லோ' என்பதன் ஈற்று ஓகாரமே தன்மை ஒருமையைக் காட்டிவிடுகிறது. ஆயினும் ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இயோ பார்லோ' என்று 'நான்' சேர்த்தே பேசுகிறார்கள்; இத்தாலியர் செவிக்கு அது 'நான்தான் பேசுகிறேன்' என்று அழுத்திச் சொல்வதாகப் படும்.

தமிழ்ப் பழக்கமே வழிதவறச் செய்யும் இடம் மரியாதை. ஒருவரை மதிக்க நாம் பன்மை விகுதியைப் பயன்படுத்துகிறோம். அதே நினைப்பில் மருத்துவரிடம் முன்னிலைப் பன்மையான 'பர்லாத்தே' என்போம். ஆனால் இன்றைய பொது இத்தாலிய மொழியில் மரியாதைக்குரியது 'லேய்' என்ற சொல்லும், அதனுடன் வரும் படர்க்கை ஒருமை வினையான 'பார்லா'வும்தான். 'லேய்' என்பதற்கு 'அவள்' என்றும் பொருள் உண்டு என்பதால் ஆணிடம் சொல்லத் தயங்குவோர் பலர், தயங்க வேண்டியதில்லை. 1938இல் பாசிச அரசு 'லேய்' வழக்கை ஒழித்துப் பன்மை வடிவான 'வோய்'யைத் திணிக்க முயன்றது, ஆனால் அந்த ஆட்சியோடு அந்த முயற்சியும் போயிற்று. தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் பெரியவர்களை 'வோய்' என விளிக்கும் பழைய வழக்கு இன்னும் உண்டு என்பது வேறு கதை.

மூன்று வினை வகுப்புகளில் அதிகம் ஏமாற்றுவது 'ஈரே' என முடியும் வகுப்பு. தூங்குதலைக் குறிக்கும் 'தொர்மீரே' எளிதாக 'தோர்மோ' ஆகும்; ஆனால் புரிதலைக் குறிக்கும் 'கப்பீரே' 'கப்பீஸ்கோ' ஆகிறது, 'காப்போ' அன்று. இந்த 'இஸ்க்' ஒட்டைக் கற்றவர்கள் அதை எல்லா இடத்திலும் நுழைத்துவிடுவது அடுத்த பிழை: 'நாம்', 'நீங்கள்' ஆகிய இரண்டிலும் அது வராது என்பதால், 'கப்பியாமோ', 'கப்பீத்தே' என்பனவே சரி. 'ஈரே'க்கு முன் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் ஒட்டு வராது என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். உத்தரவாதம் அளித்தலைக் குறிக்கும் 'கரந்தீரே' அதைப் பொய்யாக்கும். எந்த வினையையும் அதன் தன்மை ஒருமையோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் நம்பகமான வழி.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. தேடுதலைக் குறிக்கும் 'செர்க்காரே', முன்னிலை ஒருமையில் 'செர்ச்சி' ஆகிவிடாமல் 'செர்க்கி' என்றே ஒலிக்க வேண்டும். அதற்காக 'ஆக்கா' எனப்படும் ஹெச் எழுத்தை இடையில் சேர்த்து எழுதுவார்கள். வெல்லுதலைக் குறிக்கும் 'வின்ச்செரே'யில் அந்த எழுத்தைச் சேர்க்கக் கூடாது. அங்கே ஒலிதான் மாறும்: 'வின்க்கோ', 'வின்ச்சி'.

பேச்சில் உடனே காட்டிக்கொடுப்பது படர்க்கைப் பன்மை. 'பார்லனோ' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும், 'பர்லானோ' என இழுக்கக் கூடாது. உயிரெழுத்தும் கவனத்துக்குரியது: 'பிரெந்தொனோ' என்றால் 'எடுக்கிறார்கள்', ஒகரம் அகரமாகிப் 'பிரெந்தனோ' ஆனால் 'எடுக்கட்டும்' என்ற வேறு வினைநிலை வந்துவிடும்.