சவரக்கத்தி இடுக்கில் இறுகிய துரு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கிய பழைய ஜெர்மன் சவரக்கத்தி. அலகு சீக்கிரமே பளபளப்பாகிவிட்டது. தொல்லையெல்லாம் கைப்பிடியின் இரு பட்டைகளுக்கு நடுவே, ரிவிட் ஆணியைச் சுற்றித்தான். பழைய சோப்பும் துருவும் கறுப்புப் பிசினாக இறுகியிருந்தன. காது குடையும் பட்ஸ்கூட நுழையவில்லை.

முதலில் கூர்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். ஆணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். அப்புறம் பழைய வேட்டியை நாடா போலக் கிழித்து, இடுக்கில் கோத்து, இரு முனையையும் பிடித்து மாறி மாறி இழுத்தேன். முதல் துண்டு காப்பித்தூள் நிறத்தில் வந்தது. துணி சுத்தமாக வரும்வரை விடவில்லை. மூலைக்குப் பல்குத்தும் குச்சி போதும்.

சுத்தம் செய்கிறோம் என்று தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கார்பன் எஃகு; ஆணிக்குள் ஈரம் தங்கினால் மறுபடியும் துருதான்.